உமி காய்ந்துதான் கிடந்தது

மருந்து என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. கடைக்காரர் கொடுக்க முன்வந்ததையும் வாங்க வேண்டாம் என்று தடுத்தேன். ஒரு பெண்ணின் ஷெட்டில் குஞ்சுகள் ரத்தமாகக் கழித்துச் செத்துக்கொண்டிருந்தபோது, நோய் இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, அவை செத்ததற்கு அந்தப் பெண்ணே காரணம் என்று அவருடைய கணவர் எதிரில் சொன்னேன். இது எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் நடந்தது. இந்த வயதில் எனக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் இதை இப்போது எழுதுவதில் துணிச்சல் ஒன்றும் இல்லை.

எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. கோழிகளின் ரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியில், அதன் வாழ்க்கையின் எந்த நிலையில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று ஆராயும் ஓர் இளம் பெண் பேசினார். இன்று அதற்கு ஒரு துளி பொருள் போதுமாம். எல்லா மரபணுக்களின் நடமாட்டத்தையும் இயந்திரமே படித்துக் கொடுத்துவிடுகிறதாம். எங்கள் பழைய கட்டுரையைத் தேடிப் படித்திருந்தார். மிகவும் மரியாதையாகப் பேசிவிட்டு, முடிக்கும்போது ஒன்று கேட்டார்.

"சார், அந்தக் காலத்து முறையில இந்த வேலைக்கு நூத்துக்கணக்கான குஞ்சு வேணுமே. உங்க லேப்ல அவ்வளவு கூண்டு வசதி இருந்திருக்காதே. எங்கே கிடைச்சுது?"

"ஒரு பண்ணையில்" என்றேன்.

"செம அதிர்ஷ்டம் சார்!"

கட்டுரை வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

நான் சேலத்துக்காரன். அப்பா பட்டு நெசவாளி. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தேன். மேற்படிப்பில் ஒட்டுண்ணியியல் எடுத்தேன். வாழப்பாடியில் சில ஆண்டுகள் மாடுகளுக்கு ஊசி போட்டேன். பிறகு நாமக்கல்லில் ஒரு சிறிய கோழி நோய் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

அந்த ஒட்டுண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் செய்தது என்ன என்று புரியாது. அது ஒற்றைச் செல் உயிர். எச்சத்தோடு வெளியே விழும்போது தடித்த ஓட்டுக்குள் உறங்குகிறது. பினாயில் ஊற்றினாலும் சாகாது. குஞ்சு அதைக் கொத்தி விழுங்கினால், வயிற்றில் ஓடு உடைந்து, உள்ளே இருப்பது வெளிப்பட்டுக் குடல் சுவருக்குள் புகும். அங்கே ஒன்று பலவாகப் பெருகும். பெருகியவை சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் ரத்தம் கொட்டுகிறது. அதன் பிறகு மறுபடியும் ஓடு கட்டிக்கொண்டு எச்சத்தில் இறங்கிவிடும். ஓட்டு நிலையில் இருப்பதும் பெருகும் நிலையில் இருப்பதும் ஒரே உயிர், ஒரே மரபணுக்கள். ஆனாலும் உருவம், உணவு, குணம் எதுவும் ஒன்றாக இல்லை.

இது எனக்குப் புதிராகப் படவில்லை. எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே, சேலையில் உருவங்கள் நெய்வதற்கான ஜக்கார்டு பெட்டி இருந்தது. அதிலும் எல்லா ஊசிகளும் எப்போதும் இருக்கும். அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அந்த இழை மட்டும் எழும். ஒரே தறியில் ஒரு நாள் மாங்காய், ஒரு நாள் மயில். ஒட்டுண்ணியின் ஒவ்வொரு நிலையிலும் எந்த இழை எழுகிறது என்று தெரிந்தால், பெருகும் நிலையை மட்டும் தடுக்கும் வழி கிடைக்கும் என்பது எங்கள் எண்ணம். எண்ணத்தில் பிழை இல்லை.

எண்ணம், ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த என் பேராசிரியருடையது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. 'செய்' என்றும் சொல்லமாட்டார். கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, நுண்ணோக்கி துடைக்கும் தாளால் துடைக்க ஆரம்பிப்பார். நாம் பேசும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு வேண்டிய பதிலை நாமே சொன்ன பிறகுதான் கண்ணாடி காதில் ஏறும். "நீங்கள் சொல்வதும் சரிதான்" என்பார். அவருடைய விருப்பங்களையெல்லாம் அப்படித்தான் நான் என் யோசனைகளாகச் செய்து முடித்தேன்.

அவர் கை மட்டும் அழகு. சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, வெள்ளை எனாமல் தட்டில் குஞ்சைக் கிடத்துவார். ஒரே வெட்டில் வயிறு திறக்கும். கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு உண்டு. இந்த நோயில் அவை இரண்டும் கருஞ்சிவப்பாக, ரத்தம் அடைத்த விரல்கள் போல வீங்கியிருக்கும். அவற்றை நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் அலசி, கண்ணாடிச் சில்லின் விளிம்பால் உள்தோலைச் சுரண்டுவார். சுரண்டியதை மெல்லிய துணியில் வடிகட்டி, சுழற்றி, அடியில் படிவதை எடுக்க வேண்டும். அதுதான் பெருகும் நிலை. அதை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைத்தாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மரபணுக்கள் அனுப்பிய செய்தி சிதைந்துவிடும். ஒரு குஞ்சிலிருந்து நகக்கண் அளவுகூடக் கிடைக்காது. எங்களுக்கு ஒரு சிறங்கை வேண்டும். அதோடு, ஒப்பிடுவதற்கு அதே ஷெட்டின், அதே வகையின் ஓட்டு நிலையும் வேண்டும். எங்கள் கூண்டறையில் இருந்தவை சில டஜன் குஞ்சுகள். ஓராண்டு முயன்றோம். பயனில்லை.

அந்த நேரத்தில்தான் பாவாயி வந்தார்.

புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு சிற்றூர். கணவர் செங்கோடன் லாரி ஓட்டுநர். வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். பாவாயி கம்பிக்கூடையில் இரண்டு செத்த குஞ்சுகளையும் ஒரு உயிருள்ள குஞ்சையும் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, பஸ்ஸில் எடுத்து வந்திருந்தார்.

"பஸ்ஸுல கண்டக்டரு ஏத்த மாட்டேன்னுட்டாருங்க. 'இது சாவுற கோழியில்லீங்க, ஆஸ்பத்திரிக்குப் போற கோழி, டிக்கெட்டுக் குடுங்க'ன்னு சண்டை புடிச்சு ஏறி வாரேனுங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே அறுத்துப் பார்த்தேன். ரத்தக் கழிச்சல். நுண்ணோக்கியில் பெருகும் நிலை கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாக, வேறு வகை கலக்காமல், நான் அதுவரை பார்த்ததில்லை.

"எத்தனை குஞ்சு வெச்சிருக்கீங்க?"

"ஐந்நூறுங்க. மொத பேட்ச்சு. அவரு வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. நாந்தான் அடம்புடிச்சுப் போட்டேன். இது முட்டைக்கு வந்துட்டா எம்பட பாட்டுக்கு நானிருப்பேன். கையக் கடிச்சுப் போட்டா, ஷெட்டைப் பிரிச்சுப்போட்டு அவிய அண்ணன் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகோணும். அவரு இப்பவே சொல்லீட்டாருங்க." கூடையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க டாக்டரய்யா, பொழச்சுக்குமுங்களா? கடைக்காரரு தண்ணியில கலக்கறதுக்கு ஒரு மருந்து இருக்குதுங்கறாரு. வாங்கிப் போடட்டுங்களா?"

கடைக்காரர் சொன்னது சரியான மருந்துதான். அதே மருந்து என் இழுப்பறையிலும் இருந்தது. ரத்தம் வர ஆரம்பித்துவிட்ட குஞ்சுகள் பிழைப்பது கடினம். மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். இந்த நோய் ஷெட்டில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே நாளில் பிடிப்பதில்லை. மருந்து அன்றே தண்ணீரில் இறங்கியிருந்தால் பெரும்பாதி பிழைத்திருக்கும்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் முழுவதும் கேட்டார். "மருந்து சொல்லிவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை சார்."

"மருந்து பட்டால் அந்த நிலை சிதையும். அதிலிருந்து நாம் எடுப்பது ஒட்டுண்ணியின் செய்தியா, மருந்தின் செய்தியா?" கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

சுவரில் மாட்டியிருந்த கோழியின் குடல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பாவாயியின் கூடையிலிருந்து உயிருள்ள குஞ்சு கத்துவது கேட்டது.

"இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம் சார்" என்றேன் நான்.

கண்ணாடி காதில் ஏறியது. "நீங்கள் சொல்வதும் சரிதான்."

பாவாயியிடம் வந்து சொன்னேன்: "முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும்மா. அதுவரைக்கும் எந்த மருந்தும் கலக்காதீங்க. கடை மருந்து குடுத்தா நோய் என்னன்னே தெரியாமப் போயிடும். நாளைக்கு நாங்களே உங்க ஷெட்டுக்கு வர்றோம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊட்டுக்கேங்களா?"

மறுநாள் ஜீப்பில் போனோம். காளை விந்து வைக்கும் திரவ நைட்ரஜன் குடுவையை இரவல் வாங்கியிருந்தோம். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டு, அதன்மேல் சலவை வேட்டி விரித்து வைத்திருந்தார் பாவாயி. எல்லோருக்கும் காப்பி வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"ஏம் பாவாயி, எனக்குப் பிரசவ வலி வந்தன்னைக்கு ஒரு கட்டை வண்டி கெடைக்கல. உங்கோழிக்கு ஜீப்புல டாக்டருங்க வாராங்களே!" என்று ஒருத்தி கத்த, "அடுத்ததுக்கு எங்கோழிக்கூட வந்து படுத்துக்க, பாத்துக்குவாங்க" என்றார் பாவாயி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஷெட்டுக்குள் நுழைந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது தரை. தரையில் நெல் உமி பரப்பியிருந்தார். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். அது என் தொழில் பழக்கம். ஈர உமியில்தான் இந்த நோய் பிடிக்கும் என்று எங்களுக்குப் பாடம். கையை விரித்ததும் உமி பொலபொலவென்று உதிர்ந்தது. காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர்த் தட்டுகளின் அடியில் செங்கல் வைத்து, வழியாதபடி மட்டம் பார்த்திருந்தார். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த ஷெட்டுகள் அந்த வட்டாரத்தில் அதிகம் இருக்கவில்லை.

அன்று முழுவதும் அங்கேயே அறுத்தோம். சிறகு சிலிர்த்து மூலையில் ஒடுங்கிய குஞ்சுகள்தான் எங்களுக்கு வேண்டியிருந்தன. இறந்து நேரமானவை பயன்படாது. அந்தக் குஞ்சுகளை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் பாவாயி. நாங்கள் செய்வதுதான் வைத்தியம் என்று நம்பினார். முந்தானையில் ஒன்றொன்றாக ஏந்தி வந்து தட்டின் பக்கம் வைப்பார். "இதையுங் கொஞ்சம் பாருங்க சாமி, இப்பத்தான் சோந்துது" என்பார். நான் வாங்கி, கழுத்தைத் திருகி, பேராசிரியர் பக்கம் நகர்த்துவேன். குடுவை நிறைந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போய், பிழைத்துக் கிடந்தவற்றின் எச்சத்தை வழித்து, அழுகாமல் காக்கும் ஆரஞ்சு நிற டைக்ரோமேட் கரைசலில் போட்டுக்கொண்டோம். அதில் ஓட்டு நிலை இருந்தது. எங்கள் தேவை முடிந்தது. அதன் பிறகே மருந்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பாவாயி இரண்டு கையாலும் வாங்கினார். "தெய்வமாட்ட வந்தீங்க" என்றார்.

ஷெட்டில் மருந்து குடிக்க அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

செங்கோடன் வடக்கிலிருந்து திரும்பியதும் மனைவியை அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். கோபமாக வந்தவர்போலத் தெரியவில்லை. தூக்கம் கெட்ட கண்கள். தோளில் துண்டு.

"ஏனுங்க, இப்பிடி ஒட்டுக்கா வாரிக்கிட்டுப் போகுமுங்களா? எதனாலைங்க வந்துது?"

பேராசிரியர் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. எல்லாப் பண்ணையாளர்களுக்கும் நாங்கள் சொல்லிச் சொல்லி வாய் பழகிய பதில் அது.

"உமி ஈரமாயிருந்திருக்கும். தண்ணித் தட்டு வழிஞ்சிருக்கும். பராமரிப்புக் குறைதான்."

செங்கோடன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"தெனமும் கழுவி, மட்டம் பாத்துத்தானுங்க வெச்சேன்" என்றார் பாவாயி. கணவரிடம் இல்லை, என்னிடம் சொன்னார். நான் அவருடைய ஷெட்டில் குனிந்து உமி அள்ளியதை அவர் பார்த்திருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சவங்க பொய்யா சொல்றாங்க? வா புள்ள" என்று செங்கோடன் நடந்தார். அவர் பின்னால் பாவாயி போனார். நான் இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன்.

உறைய வைத்ததைப் பேராசிரியர் ரயிலில் பெங்களூருக்கு எடுத்துப்போனார். அங்கே ஒரு பெரிய ஆய்வகத்தில், இரண்டு நிலைகளிலும் மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, சோதனைக்குழாயில் புரதமாக மாற வைத்து, படச்சுருளில் பதித்தார்கள். படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசைகள், ஒவ்வொரு கோடும் ஒரு புரதம். ஓட்டு நிலையில் அடர்ந்த கோடுகள் சில, பெருகும் நிலையில் காணோம். பெருகும் நிலையில் புதிதாகச் சில கோடுகள். அதுவரை நாங்கள் ஊகித்ததைக் கண்ணால் கண்டோம். படத்தை வெளிச்சத்தில் மறுபடியும் மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். மகிழ்ச்சியால்தான், அதை மறைக்கமாட்டேன். அந்த நிமிடத்தில் பாவாயி என் நினைவில் இல்லை.

கட்டுரை எழுதும்போதுதான் நினைவு வந்தது. "பண்ணையாளருக்கு ஒரு நன்றி போடலாமா சார்?" என்று கேட்டேன்.

"நன்றி சொன்னால் எந்தப் பண்ணை என்பார்கள். பண்ணையைச் சொன்னால் மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பார்கள்" என்றார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

அந்தக் கட்டுரையால் எனக்குப் பதவி உயர்வு வந்தது. பேராசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்விதான். பதில் சொன்னவன் நான்.

பிறகு நான் செய்த பரிகாரம் என்று சொன்னால் அற்பம். என் பொறுப்பில் ஆய்வுக்கூடம் வந்ததும் ஒரு வழக்கம் வைத்தேன். செத்த கோழியோடு யார் வந்தாலும், ரத்தக் கழிச்சல் என்று சந்தேகம் தட்டினால் போதும், மருந்துப் பொட்டலம் அவர் கைக்குப் போன பிறகே மாதிரி என் மேசைக்கு வர வேண்டும். இதனால் சில ஆராய்ச்சிகள் கெட்டன. மாணவர்கள் எனக்குப் 'பொட்டலம்' என்று பெயர் வைத்தார்கள். அதை என் நல்ல மனது என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

பணியில் இருந்தபோது ஒரே ஒரு முறை புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீ குடித்தேன். அங்கிருந்து அவர்கள் ஊருக்குப் போகும் மண்பாதை தெரிந்தது. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

அந்த இளம் பெண் 'அதிர்ஷ்டம்' என்று சொன்ன பிறகு போனேன்.

மண்பாதை இப்போது தார்ச்சாலை. ஷெட் இருந்த இடத்தில் கல்தூண்கள் மட்டும் நின்றன. அவற்றில் ஆடு கட்டியிருந்தது. பாவாயி மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை.

"ஆருங்க? கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க. கிட்ட வாங்க."

"நாமக்கல் கோழி டாக்டரும்மா."

கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கும்வரை நின்றார். வெறும் வயிற்றோடு வந்த விருந்தாளியிடம் எதையும் கேட்கக்கூடாது என்பதுபோல. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையில் இருந்த மருந்து, காத்திருந்தது, அவர் முந்தானையில் ஏந்தி வந்த குஞ்சுகளை நாங்கள் எதற்காக அறுத்தோம் என்பது, எதையும் விடவில்லை.

"மருந்து அன்னைக்கே இருந்துதுங்களா?"

"இருந்ததும்மா."

பாவாயி குச்சிக் கட்டின் கயிற்றை இறுக்கினார். அவிழ்த்தார். மறுபடியும் இறுக்கினார்.

"அந்தப் பேட்ச்சுக்கப்பறம் அவிய அண்ணன் தோட்டத்துக்குத்தானுங்க போனேன். அங்க ஒரு பால் பாத்திரத்தைக்கூட என்னைய நம்பிக் குடுக்க மாட்டாங்க. 'இவ தண்ணி வெச்சே கோழியக் கொன்னவ'ம்பாங்க. சிரிப்புக்குத்தான் சொல்லுவாங்க. நானுஞ் சிரிப்பேன். அப்பறம் எனக்கே ரோசனையாப் போச்சு. ஒருவேளை தட்டைச் செரியா வெக்காம உட்டுட்டனோன்னு." நிமிர்ந்தார். "அப்ப தட்டு செரியாத்தானுங்களே இருந்துது?"

"சரியாத்தான் இருந்தது. உமியும் காய்ஞ்சுதான் கிடந்தது. நான் கையில அள்ளிப் பாத்தேன்."

"பாத்தீங்க. நானும் பாத்தேன், நீங்க பாத்ததை" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகுது? வாங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

செங்கோடன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லாரி ஓட்டி ஓட்டிக் காது போச்சுங்க. சத்தமாச் சொல்லுங்க" என்றார் பாவாயி.

சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. எதிர்வீட்டில் ஒருவர் வெளியே வந்து பார்த்தார். "உமி ஈரமா இல்லைங்க! தட்டு வழியலைங்க! தப்பு எங்களோடது! நான் பொய் சொன்னேன்!"

செங்கோடன் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு? கோழியா? ஏம்புள்ள, நாம எப்பக் கோழி வளத்தோம்?"

அவர் விளையாடவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

நான் பாவாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்ததை மட்டும் பார்த்தேன். பிறகு கணவரின் காதருகே குனிந்து, ஊரே கேட்கும்படி சொன்னார்:

"நாம வளக்கல. நான் வளத்தேன். நல்லாத்தான் வளத்தேன்."